ஒரு வாக்செல் தவறினால் எவ்வளவு போகும்? மருத்துவப் பட செக்மெண்டேஷன் போட்டிகளின் உள்கணக்கு

மருத்துவ ஸ்கேனில் உறுப்பு, கட்டி போன்றவற்றின் எல்லையைக் கணினியைக் கொண்டு பிரித்துக் காட்டுவதுதான் செக்மெண்டேஷன். வாக்செல் என்பது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம். ஸ்கேனுக்குள் பக்கத்துக்கு 100 வாக்செல் கொண்ட ஒரு கனசதுரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 லட்சம் வாக்செல். ஒரு வாக்செல் ஒரு கன மில்லிமீட்டர் என்றால் இது ஒரு லிட்டர். கல்லீரலைவிடச் சற்றுச் சிறியது. மாடல் (படங்களைப் பார்த்துப் பழகிய கணினி நிரல்) இதைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டது, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே ஒரு வாக்செல் உள்ளே தள்ளி எல்லை போட்டிருக்கிறது. 98×98×98 என்றால் 9,41,192 வாக்செல். டைஸ் ஸ்கோர், அதாவது மாடலின் விடையும் சரியான விடையும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற மதிப்பெண், 0.97. யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அதே மாடல் அதே தவறை, பக்கத்துக்கு 5 வாக்செல் உள்ள சிறு கட்டியில் செய்யட்டும். 125 வாக்செலில் அது பிடித்தது 27. டைஸ் 0.36. தவறு ஒன்றுதான், ஒரு வாக்செல் ஓரம்தான். உறுப்பில் மூன்று சதவீதம் போனது, கட்டியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

போட்டியில் யார் மேலே வருகிறார்கள், யார் கீழே சரிகிறார்கள் என்பதில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் இருக்கிறது. புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல்?" என்றுதான். கேட்க வேண்டியது "எதை, எப்படி அளக்கிறார்கள்?" என்று.

போட்டி என்றால் என்ன கொடுப்பார்கள்

சிடி, எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், நுண்ணோக்கி என ஏதோ ஒரு வகைப் படங்கள் தரப்படும். ஒவ்வொன்றிலும் உறுப்பு, கட்டி, ரத்தக்குழாய் போன்றவற்றின் எல்லையை நிபுணர்கள் வரைந்த மாஸ்க் கூடவே இருக்கும். இதை வைத்து மாடலைப் பழக்கி, மாஸ்க் இல்லாத இன்னொரு தொகுதிக்கு மாஸ்க் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகுதிக்கான நிபுணர் மாஸ்க் அமைப்பாளர்களிடம் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சாதாரணப் புகைப்படங்களுக்கான போட்டிகளில் லட்சக்கணக்கில் படம் கிடைக்கும். இங்கே கல்லீரலுக்கான லிட்ஸ் போட்டி 2017இல் கொடுத்தது பயிற்சிக்கு 131 ஸ்கேன், தேர்வுக்கு 70. சிறுநீரகத்துக்கான கிட்ஸ் 2019இல் 210, 90. மூளைக் கட்டிக்கான பிராட்ஸ் 2012இல் தொடங்கியது. 2020இல் அதன் பயிற்சித் தொகுதி 369 பேர், 2021இல் 1,251 பேர். குறைந்த படங்களில் வேலை நடக்கும் என்று நம்ப வைத்ததே 2015இல் வந்த யூ-நெட் கட்டமைப்புதான். நுண்ணோக்கிப் படங்களுக்கான ஒரு போட்டியில் அதற்குக் கிடைத்த பயிற்சிப் படங்கள் வெறும் 30.

போட்டிகள் இரண்டு மரபில் நடக்கின்றன. மிக்காய், ஐஎஸ்பிஐ போன்ற மருத்துவப் பட ஆய்வு மாநாடுகளை ஒட்டி நடப்பவை ஒன்று. இவற்றில் முப்பரிமாண ஸ்கேன், கடைசியில் ஒரு கட்டுரை, பல நேரம் மென்பொருளையே டாக்கரில் (வேறு கணினியிலும் அப்படியே ஓடும் மென்பொருள் பெட்டி) அடைத்து அனுப்பும் முறை. மற்றொன்று கேகிள் என்ற போட்டித் தளத்தின் மரபு: பரிசுத்தொகை, போட்டி நடக்கும்போதே தெரியும் பொது லீடர்போர்டு (தரவரிசைப் பட்டியல்), முடிவில் மட்டும் திறக்கும் மறைவான தனி லீடர்போர்டு. இரண்டுக்கும் வேலை ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தோற்கும் இடங்கள் வேறு.

அளவீட்டைப் படிப்பது மாடலைவிட முக்கியம்

டைஸ் எளிய கணக்கு. இரண்டு மாஸ்க்கும் ஒத்துப்போகும் வாக்செல்களை இரட்டித்து, இரண்டின் மொத்தத்தால் வகுப்பது. முழுமையாகப் பொருந்தினால் 1, தொடவே இல்லையென்றால் 0. பெரியதையும் சிறியதையும் இது எப்படி வேறுவேறாகத் தண்டிக்கிறது என்பதை மேலே பார்த்தோம். கிட்ஸ் 2019இல் முதலிடம் பெற்ற தீர்வின் சிறுநீரக டைஸ் 0.974, கட்டியின் டைஸ் 0.851. மதிப்பெண் இரண்டின் சராசரி. ஆக, சிறுநீரகத்தில் இன்னும் உழைத்து எடுக்க மீதம் 0.026தான்; கட்டியில் 0.149. நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

அடுத்த கேள்வி: மாஸ்க் காலியாக இருந்தால்? நோயாளிக்குக் கட்டி இல்லை, மாடலும் ஒன்றும் இல்லை என்கிறது. சூத்திரப்படி பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். இதற்குப் போட்டிதோறும் ஒரு விதி இருக்கும். பிராட்ஸ் மரபில் அப்போது டைஸ் 1. ஆனால் மாடல் ஒரே ஒரு வாக்செலைக் கட்டி என்று காட்டிவிட்டால் அந்த நோயாளிக்கு டைஸ் 0. எல்லை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கும் ஹவுஸ்டார்ஃப் தூரத்துக்கு அப்போது 373.13 என்ற எண் போடப்பட்டது. பிராட்ஸ் படம் 240×240×155. அந்தப் பெட்டியின் மூலைவிட்டம் அதுதான். ஒரு வாக்செலுக்கு ஒரு முழுப் பெட்டியின் தண்டனை.

இதை அறிந்தவர்கள் என்ன செய்தார்கள்? மாடல் காட்டும் சாய ஒளிர்வுக் கட்டிப் பகுதி (செலுத்திய சாயத்தால் ஸ்கேனில் ஒளிரும் பகுதி) மொத்தமும் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், அதை அழித்து பக்கத்து லேபிளாக (மாஸ்க்கில் ஒரு பகுதியைக் குறிக்கும் எண்) மாற்றினார்கள். 2020இல் வென்ற தீர்விலும் இது இருந்தது. மருத்துவ நோக்கில் இது நியாயமா என்று கேட்டால், அரைகுறை நியாயம்தான். சின்னஞ்சிறு கட்டி உண்மையிலேயே இருந்தால் அதையும் சேர்த்துத்தான் துடைக்கிறோம். அளவீடு கேட்பதும் மருத்துவர் கேட்பதும் எப்போதும் ஒன்றல்ல. போட்டிக்காரருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பிராட்ஸ் 2023 முதல் கட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணும் முறை வந்தது. ஒரு நோயாளிக்கு ஒரே கட்டி, மாடல் அதை 0.9 டைஸில் பிடிக்கிறது. கூடவே வேறு இரண்டு இடங்களில் பொய்ப் புள்ளிகளைக் காட்டுகிறது என்று வையுங்கள். பழைய முறையில் அந்தப் புள்ளிகள் டைஸைத் தொட்டும் தொடாமலும் போகும். புதிய முறையில் பொய்ப் புள்ளி ஒவ்வொன்றும் பூஜ்யம் வாங்கி சராசரியில் சேரும்: 0.9 மூன்றாக வகுபட்டு 0.30. முந்தைய ஆண்டின் வெற்றித் தீர்வை அப்படியே எடுத்துவந்து ஓட்டினால் இதில்தான் மாட்டுவோம்.

லேபிள் எண்களும் அப்படித்தான். பிராட்ஸில் பல ஆண்டுகளாக லேபிள்கள் 1 (இறந்த திசு), 2 (வீக்கம்), 4 (ஒளிர்வுக் கட்டி). மூன்று கிடையாது. 2023இல் 4 என்பது 3 ஆனது. பழைய குறிப்பில் 4 என்றே எழுதி அனுப்பினால், மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் வராது. இன்னொன்று, மதிப்பெண் இந்த லேபிள்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதில்லை. முழுக் கட்டி என்பது மூன்று லேபிளும் சேர்ந்தது, மையக் கட்டி என்பது வீக்கத்தை விட்டு மற்ற இரண்டும், ஒளிர்வுக் கட்டி கடைசி லேபிள் மட்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இந்தப் பகுதிகளையே மாடலின் இலக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி சிக்மாய்டு (0க்கும் 1க்கும் இடையில் நிகழ்தகவு தரும் சார்பு) போட்டுப் பழக்கினால், அளக்கப்படுவதையே நேரடியாகக் கற்பிக்கிறோம். பல வெற்றித் தீர்வுகள் இதைச் செய்திருக்கின்றன.

கேகிளில் 2022இல் நடந்த வயிறு-குடல் எம்ஆர்ஐ போட்டியில் டைஸுக்கு 0.4, முப்பரிமாண ஹவுஸ்டார்ஃப் தூரத்துக்கு 0.6 என்று எடை. அங்கே ஓரத்தை மெருகேற்றுவதைவிட, தூரத்தில் தெறித்து விழும் ஒற்றைப் புள்ளியை ஒழிப்பதுதான் அதிக லாபம். அளவீடு மாறினால் வேலைத் திட்டமே மாற வேண்டும்.

தரவு கையில் வந்ததும்

முதல் இரண்டு மூன்று நாளுக்கு மாடலைத் தொடாமல் இருப்பது நல்லது. ஐடிகே-ஸ்னாப் அல்லது 3டி ஸ்லைசர் போன்ற ஸ்கேன் பார்க்கும் மென்பொருளில் குறைந்தது 20, 30 ஸ்கேன்களை மாஸ்க்கோடு திறந்து, மூன்று திசையிலும் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்கேனில் மாஸ்க் பாதி ஸ்லைஸில் (ஸ்லைஸ் என்பது ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) நின்றுபோயிருக்கும். இன்னொன்றில் சிறுநீர்ப்பாதையையும் சேர்த்து வரைந்திருப்பார்கள், அடுத்ததில் விட்டிருப்பார்கள். மூன்றாவதில் மாஸ்க் தலைகீழாக இருக்கும். வரைந்தவர் மேலிருந்து கீழ் நோக்கும் ஸ்லைஸ்களில் மட்டும் வரைந்திருந்தால், பக்கவாட்டில் பார்க்கும்போது ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். மாடல் அந்தப் படிக்கட்டையும் கற்றுக்கொள்ளும்.

பிறகு ஹெட்டர், அதாவது கோப்பின் தொடக்கத்தில் உள்ள விவரக்குறிப்பு. ஸ்கேன்களைச் சேமிக்கும் நிஃப்டி கோப்பில் எண்களோடு சேர்த்து, ஒரு வாக்செல் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் நோயாளியின் வலது என்ற தகவலும் இருக்கும். இதைத் தவறவிடுவதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை. ஸ்கேன் கோப்புகளைப் படிக்கும் நிபாபெல் என்ற நிரல் நூலகம் அச்சுகளை எக்ஸ், ஒய், இசட் என்ற வரிசையில் தரும். இன்னொரு நூலகமான சிம்பிள்ஐடிகே தரும் அணியில் இசட், ஒய், எக்ஸ். நிபாபெல் வலது, முன், மேல் திசைகளை நேர்மறையாகக் கொள்ளும். சிம்பிள்ஐடிகே இடது, பின், மேல். ஒன்றில் படித்து மற்றொன்றில் எழுதினால் மாஸ்க் எங்கோ திரும்பி நிற்கும். அறிகுறி எளிது: உங்கள் கணினியில் டைஸ் 0.9, சர்வரில் 0.02. அப்படி வந்தால் மாடலைச் சந்தேகிக்க வேண்டாம், ஹெட்டரைத் திறந்து பாருங்கள். வெளியீட்டை எழுதும்போது மூலப்படத்தின் ஹெட்டரை அப்படியே நகலெடுத்தாலே இதில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

இருபரிமாணப் போட்டிகளில் இதே பிழைக்கு வேறு வேடம். கேகிளில் மாஸ்க்கைப் படமாகக் கேட்காமல், "இந்த இடத்தில் தொடங்கி இத்தனை பிக்செல்" என்று எண் ஜோடிகளாகக் கேட்பார்கள். 2018இல் நடந்த செல் உட்கருப் போட்டியில் எண்ணிக்கை 1இல் தொடங்கி, மேலிருந்து கீழாக, பிறகு அடுத்த நெடுவரிசைக்குப் போகும். கணினி நிரலில் வழக்கமாக 0இல் தொடங்கி இடமிருந்து வலம். இரண்டையும் குழப்பினால் மாஸ்க் மூலைவிட்டத்தில் கவிழ்ந்துவிடும். உருண்டையான உட்கரு படத்தின் நடுவில் இருந்தால் கவிழ்ந்தும் ஓரளவு பொருந்தும் என்பதுதான் தொல்லை. பிழை இருப்பதே தெரியாது. பயிற்சி மாஸ்க் ஒன்றை இந்த வடிவுக்கு மாற்றி, அமைப்பாளர் கொடுத்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுவது அரை மணி நேர வேலை.

சிடியில் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் உண்டு: நீர் 0, காற்று −1000. ஆனால் டைகாம் (மருத்துவமனை ஸ்கேன்களின் கோப்பு வடிவம்) கோப்பில் உள்ள மூல எண்ணை, அதிலேயே தரப்பட்ட பெருக்கி, கூட்டி இரண்டையும் போட்டு மாற்றினால்தான் இந்த அளவுகோல் கிடைக்கும். அதை விட்டுவிட்டால் பெரும்பாலும் எல்லாம் 1024 அலகு மேலே நகர்ந்திருக்கும். இன்னொரு வழக்கமான பிழை, 16 பிட் படத்தை எட்டு பிட் பிஎன்ஜியாக மாற்றுவது. 4,096 மதிப்புகளை 256க்குள் அடைத்தால் ஒரு படிக்கு 16 அலகு. கல்லீரலுக்கும் அதிலுள்ள கட்டிக்கும் வித்தியாசமே சில பத்து அலகுகள்தான் இருக்கும். இரண்டு மூன்று படிகளுக்குள் கட்டி கரைந்துவிடும். பிஎன்ஜிதான் வேண்டுமென்றால் தேவையான சாளரத்தை (பார்க்க வேண்டிய மதிப்பு வரம்பை) முதலில் வெட்டி, பிறகு மாற்ற வேண்டும். எம்ஆர்ஐயில் இப்படி நிலையான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு படத்தையும் அதன் சொந்த சராசரி, விலகலை வைத்துச் சமன்செய்ய வேண்டும். மண்டையோடு நீக்கிய படமென்றால் சுற்றியுள்ள பூஜ்யங்களைச் சேர்க்காமல்.

மறுமாதிரியாக்கத்தில், அதாவது படத்தின் வாக்செல் அளவை மாற்றுவதில், இரண்டு கண்ணிகள். படத்தை மென்மையாக இடைக்கணிக்கலாம், மாஸ்க்கை அப்படிச் செய்யக் கூடாது. லேபிள் 1க்கும் 3க்கும் நடுவில் சராசரி எடுத்தால் 2 வரும். அங்கே இல்லாத ஓர் உறுப்பு எல்லைக்கோட்டில் முளைத்துவிடும். இரண்டாவது, மாடல் கொடுத்த விடையை மூல அளவுக்குத் திருப்பும்போது ஏற்படும் நகர்வு. மூலைகளைப் பொருத்துவதா, வாக்செல் மையங்களைப் பொருத்துவதா என்பதில் நூலகத்துக்கு நூலகம் வழக்கம் வேறு. விளைவாக மாஸ்க் ஒரு வாக்செல் ஒரு பக்கம் நகர்ந்தால், பெரிய கனசதுரம் 0.99இல் நிற்கும், 5 வாக்செல் கட்டி 0.80க்கு விழும். கட்டி மதிப்பெண் மட்டும் காரணமில்லாமல் குறைவாக இருக்கிறதா? நிபுணர் மாஸ்க்கையே சுருக்கி, விரித்து, அசலோடு டைஸ் கணக்கிடுங்கள். அது 1ஐ நெருங்கவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

அடித்தளம் போடுவது

2018இல் மெடிக்கல் செக்மெண்டேஷன் டெகாத்லான் என்று ஒரு போட்டி நடந்தது. பத்து வெவ்வேறு வேலைகள். ஏழு முதலில் தரப்பட்டன, மூன்று பிறகுதான் திறக்கப்பட்டன. ஒரே முறை, கையால் சரிசெய்யாமல், எல்லாவற்றையும் செய்ய வேண்டும். வென்றது ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்திலிருந்து வந்த என்என்யூ-நெட். அதில் புதுக் கட்டமைப்பு எதுவும் இல்லை. பழைய யூ-நெட்தான். வாக்செல் இடைவெளி எவ்வளவு, ஸ்கேனிலிருந்து வெட்டி மாடலுக்குக் கொடுக்கும் துண்டு எவ்வளவு பெரிது, எத்தனை அடுக்கு என்பதைத் தரவைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். அன்றிலிருந்து முப்பரிமாணப் போட்டிகளில் இதுதான் முதல் படி. புதிய மாடல்கள் பல இதைத் தாண்டியதாகச் சொல்லிக்கொண்டன. 2024இல் அதே குழுவினர் ஒழுங்காக ஒப்பிட்டபோது அந்த உரிமைகோரல்களில் பல நிற்கவில்லை.

அதன் இயல்பான அமைப்பில் 1,000 சுற்று, சுற்றுக்கு 250 தொகுப்பு (ஒரு படியில் சேர்த்துக் கொடுக்கும் துண்டுகள்), ஆக 2,50,000 படிகள். கற்றல் வேகம் 0.01இல் தொடங்கிப் படிப்படியாகக் குறையும். இழப்புச் சார்பு (பழகும்போது மாடலின் தவறை அளக்கும் சூத்திரம்) டைஸும், நிகழ்தகவை வைத்துத் தவறை அளக்கும் கிராஸ்-என்ட்ரோபியும் சேர்ந்தது. ஐந்து ஃபோல்டு: பயிற்சித் தொகுதியை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கி ஐந்து முறை பழக்குவது. முப்பரிமாணத்தில் ஒரு ஃபோல்டு புதிய ஜிபியுவில் ஒரு நாளுக்குள் முடியலாம். பழையதில் இரண்டு நாளைத் தொடும். ஐந்து ஃபோல்டுக்கும் சேர்த்துக் காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் வந்த "நல்ல யோசனை" ஒன்றுக்கு இந்தக் கணக்கிலேயே இடமிருக்காது.

துண்டு எடுப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 512×512×300 அளவுள்ள ஒரு சிடி, 128×128×128 துண்டு. ஸ்கேன் முழுவதும் துண்டின் அளவில் சுமார் 37 மடங்கு. கட்டி ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்றால், கண்ணை மூடி எடுக்கும் துண்டுகளில் பெரும்பாலானவற்றில் கட்டியே இருக்காது. மாடல் "எல்லாம் பின்னணி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளும். அதற்காகத்தான் தொகுப்பில் உள்ள இரண்டு துண்டுகளில் ஒன்றாவது தேடும் பொருள் உள்ளதாக இருக்கும்படி எடுக்கிறார்கள். இதையே எல்லை மீறிச் செய்து எல்லாத் துண்டிலும் கட்டி இருக்கும்படி வைத்தால், நலமான பகுதியைப் பார்த்தே பழகாத மாடல் எங்கும் கட்டி காணத் தொடங்கும். மேலே சொன்ன பொய்ப் புள்ளிகள் அங்கிருந்தும் வரும்.

கண்ணாடிப் பிம்பம்போலப் படத்தைத் திருப்பிப் பழக்குவது எல்லோரும் செய்வது. ஆனால் இடது சிறுநீரகம் ஒரு லேபிள், வலது சிறுநீரகம் இன்னொரு லேபிள் என்றால் நின்று யோசிக்க வேண்டும். படத்தைத் திருப்பினால் லேபிளையும் மாற்ற வேண்டும். மாற்றினால், உடலின் மற்ற உறுப்புகள் எதிர்ப்பக்கம் இருப்பதும் சேர்ந்து வரும். முழு உடல் உறுப்புகளுக்காக வெளிவந்த டோட்டல்செக்மெண்டேட்டர் இந்தத் திருப்பலையே விட்டுவிட்டுத்தான் பழக்கப்பட்டது. விடையில் ஒரே சிறுநீரகம் பாதி இடது, பாதி வலது என்று இரு வண்ணத்தில் தெரிந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்

ஸ்லைஸ்களைக் குலுக்கிப் பிரிப்பது பெரிய பாவம். ஒரே நோயாளியின் 80ஆவது ஸ்லைஸ் பயிற்சியிலும் 81ஆவது ஸ்லைஸ் சோதனையிலும் இருந்தால் மாடல் விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறது. பிரிப்பு நோயாளி வாரியாக. ஒருவருக்குப் பல நாள் ஸ்கேன் இருந்தால் அத்தனையும் ஒரே பக்கம். மருத்துவமனை வாரியான தகவல் இருந்தால், ஒரு மையத்தை முழுதாக ஒதுக்கியும் ஒரு முறை சோதிக்கலாம். தேர்வுத் தொகுதி புதிய மையத்திலிருந்து வரும்போது விழும் அடியின் அளவு அதில் முன்கூட்டியே தெரியும்.

50 ஸ்கேன் உள்ள சோதனைத் தொகுதியில், நோயாளிக்கு நோயாளி டைஸ் 0.15 அளவுக்கு அலைகிறது என்று வையுங்கள். சராசரியின் திட்டப்பிழை 0.15ஐ 50இன் வர்க்கமூலத்தால் வகுத்தது: சுமார் 0.02. லீடர்போர்டில் உங்களுக்கும் மேலே உள்ளவருக்கும் வித்தியாசம் 0.003 என்றால், அது பெரும்பாலும் காற்று. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது அதே நோயாளிகளில் ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் எடுத்துப் பார்ப்பது இதைவிடக் கூர்மையான சோதனை. 50 பேரில் 40 பேருக்கு முன்னேற்றம் என்றால் நம்பலாம். ஒரே ஒருவருக்கு 0விலிருந்து 0.8 ஆனதால் சராசரி ஏறியது என்றால், அந்த ஒருவரின் ஸ்கேனைத் திறந்து பார்க்க வேண்டும்.

போட்டி அமைப்பாளர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். 2016 வரை நடந்த 150 மருத்துவப் படப் போட்டிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அளவீட்டையோ தொகுக்கும் முறையையோ சற்று மாற்றினாலே வெற்றியாளர் மாறிவிடக்கூடும் என்று காட்டியது. சராசரி எடுத்து வரிசைப்படுத்துவதா, ஒவ்வொரு நோயாளிக்கும் வரிசைப்படுத்திப் பிறகு சராசரி எடுப்பதா என்பதே முடிவை மாற்றும். முதல் வகையில் ஒரு பெரிய சறுக்கல் உங்களைக் கவிழ்க்கும். இரண்டாம் வகையில் எல்லோரிடமும் கொஞ்சம் முன்னே இருந்தால் போதும், ஒரு சறுக்கலை மன்னித்துவிடும்.

பொது லீடர்போர்டுக்காகவே தினமும் வரம்பை மாற்றி மாற்றி அனுப்புபவர்கள் கடைசியில் தனி லீடர்போர்டு திறக்கும்போது பல படி சரிவது கேகிளில் வழக்கமான காட்சி. சொந்த ஐந்து ஃபோல்டில் ஏறாத ஒன்று லீடர்போர்டில் மட்டும் ஏறினால் அதைத் தொடாமல் விடுவதே புத்தி.

பின்செயல், கூட்டு

பின்செயல் என்பது மாடல் கொடுத்த விடையைத் திருத்துவது. விடையில் ஒட்டித் தொடரும் மிகப் பெரிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது கல்லீரலுக்குச் சரி, மண்ணீரலுக்குச் சரி. பல இடத்தில் பரவும் கட்டிகளுக்கு அது அழிவு வேலை. வரம்புகளை ஐந்து ஃபோல்டின் சோதனை விடைகளை ஒன்றுசேர்த்து அதில் தேட வேண்டும். ஒரே ஃபோல்டில் தேடினால் அந்தச் சில நோயாளிகளுக்கு மட்டும் பொருந்தும் எண் கிடைக்கும்.

ஐந்து மாடல்களைச் சராசரி எடுக்கும்போது லேபிளை அல்ல, நிகழ்தகவைச் சராசரி எடுக்க வேண்டும். நினைவக விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். 13 உறுப்பும் பின்னணியுமாக 14 வகுப்பு, ஸ்கேன் 512×512×600, எண்ணுக்கு 4 பைட்: ஒரு மாடலின் நிகழ்தகவு மட்டும் சுமார் 8.8 ஜிபி. ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு கூட்ட நினைத்தால் 44 ஜிபி. ஒன்று முடிந்ததும் மொத்தத்தில் கூட்டிவிட்டு அதை விட்டுவிட வேண்டும். இரண்டு பைட் எண்களில் வைத்தால் பாதியாகும். வகுப்பு வகுப்பாக மூல அளவுக்குத் திருப்பினால் இன்னும் குறையும். ஃப்ளேர் போன்ற போட்டிகளில் ஓடும் நேரமும் ஜிபியு நினைவகமும் மதிப்பெண்ணிலேயே சேரும். அங்கே ஐந்து மாடல் கூட்டணி சொந்தக் காலில் சுட்டுக்கொள்வது.

டாக்கர் கட்டி அனுப்புவது

முன்பு விடை மாஸ்க்குகளை ஏற்றினால் போதும். இப்போது பெரிய போட்டிகள் பலவும் மென்பொருளையே கேட்கின்றன. தேர்வு ஸ்கேன்களைப் போட்டியாளர் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. இதில் தோற்பவர்கள் செக்மெண்டேஷன் தெரியாததால் தோற்பதில்லை.

அங்கே இணையம் இருக்காது. மாடலின் எடைகளை முதல் ஓட்டத்தில் பதிவிறக்கும் நூலகம் உள்ளே இருந்தால், உங்கள் கணினியில் சத்தமில்லாமல் ஓடியது அங்கே நின்றுபோகும். உள்ளீட்டுக் கோப்புறையில் எழுத அனுமதி இருக்காது. இடைக்காலக் கோப்பை அதே கோப்புறையில் எழுதும் நிரல் விழுந்துவிடும். நிர்வாகி உரிமை இல்லாத பயனராக ஓடும். பகிர் நினைவகம் இயல்பாக 64 எம்பிதான். பைடார்ச் (மாடல் எழுதும் நிரல் நூலகம்) கொண்டு பல வேலையாட்களை (தரவைப் படிக்கும் துணைச் செயல்கள்) வைத்துத் தரவைப் படித்தால் "பஸ் எரர்" என்று செத்துவிடும், வேலையாட்களைப் பூஜ்யமாக வைத்தால் அந்தப் பிழை போகும். அங்குள்ள டிரைவர் பழையதாக இருந்து உங்கள் கூடா (ஜிபியுவைப் பயன்படுத்த உதவும் மென்பொருள்) பதிப்பு புதியதாக இருந்தால் ஜிபியுவே தெரியாது. சில நிரல்கள் வாய் திறக்காமல் சிபியுவில் ஓடத் தொடங்கி நேர வரம்பைத் தாண்டும். ஜிபியு இல்லையென்றால் உடனே பிழை காட்டி நிற்கும்படி ஒரு வரி எழுதி வைத்தால், குறைந்தது காரணமாவது தெரியும்.

பயிற்சித் தொகுதியில் இருக்கும் மிகப் பெரிய ஸ்கேன், மிகச் சிறிய ஸ்கேன், தேடும் பொருளே இல்லாத ஒரு ஸ்கேன்: இந்த மூன்றையும் இணையத்தைத் துண்டித்த வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரியது நினைவகத்தைச் சோதிக்கும். சிறியது துண்டின் அளவைவிடக் குறுகலாக இருந்தால் ஓரம் நிரப்பும் பகுதியைச் சோதிக்கும். காலியானது, விடை எதுவும் இல்லாதபோதும் கோப்பு எழுதப்படுகிறதா என்று சொல்லும். கோப்பே இல்லையென்றால் சர்வர் அதைக் காலி மாஸ்க் என்று எடுத்துக்கொள்ளாது, தோல்வி என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெளிவந்த மூன்று கோப்புகளின் பெயர், வடிவம், எண் வகை, ஹெட்டர் நான்கையும் மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருமுறை ஐடிகே-ஸ்னாப்பில் திறந்து கண்ணாலும் பார்த்துவிட்டு ஏற்றலாம். போட்டியில் சோதனை ஏற்றத்துக்கு என்று தனி வாய்ப்பு இருந்தால், மாடல் பழகி முடிவதற்கு முன்பே, வெறும் பூஜ்யங்களை எழுதும் ஒரு பொம்மை டாக்கரை முதல் வாரத்திலேயே அனுப்பிப் பாதையைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளித் தரவு, முன்பே பழகிய எடைகள், அவற்றின் உரிமம் ஆகியவை பற்றிய விதியையும் அப்போதே படித்துவிட வேண்டும்; முதலிடம் வந்த பிறகு அந்தப் பத்தியைப் படித்துப் பயனில்லை.